பிரஷருக்கு மூன்று, நான்கு மாத்திரையா? சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரஷருக்கு ஒரே மாத்திரை என்றால் பெரிய சிக்கல் இல்லை. காலையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. எது காலையில், எது இரவில், எது தீர்ந்துவிட்டது, புது டாக்டர் எழுதியது பழையதற்குப் பதிலா அல்லது அதோடு சேர்த்தா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அம்மாபேட்டையில் இருக்கும் என் அப்பாவுக்கு நான்கு வகை மாத்திரை. ஏற்காட்டில் இருக்கும் பெரியப்பாவுக்கு மூன்று. இரண்டு பேருடைய சீட்டு, பரிசோதனை, மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் நிறைய அலைந்தேன். புதிதாக இந்த நிலைக்கு வந்திருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஷர் குறையவில்லை என்றதும் இன்னொரு மாத்திரை வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அதற்கு முன்னால், இருக்கிற மாத்திரைகள் ஒழுங்காக உள்ளே போகின்றனவா, அவற்றுக்கு எதிராக வேறு ஏதாவது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது வீட்டில் இருக்கும் நம் வேலை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

1. எல்லா மாத்திரையையும் ஒரே இடத்தில் கொட்டிப் பட்டியல் போடுங்கள்

பீரோ, ஃபிரிட்ஜ் மேல், கைப்பை, வண்டிப் பெட்டி என்று வீடு முழுக்க இருக்கும் மாத்திரைகளை ஒரு மேசைக்குக் கொண்டு வாருங்கள். சர்க்கரை, மூட்டுவலி, தூக்கம், நாட்டு மருந்து எதையும் விட வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். டெல்மிசார்டான், அம்லோடிபின், குளோர்தாலிடோன் என்று போட்டிருக்கும். பட்டியலில் எழுத வேண்டியது அந்தப் பெயரைத்தான். பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதியது, எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று குறியுங்கள்.

இங்கே பெரிய கண்ணி கூட்டு மாத்திரைகள்தான். ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்து இருக்கும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது, 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு ஒரு கிளினிக்கில் 'ஏஎம்' மாத்திரை எழுதியிருந்தார்கள். வேறொரு இடத்தில் அம்லோடிபினைத் தனியாக எழுதினார்கள். கம்பெனிப் பெயர்கள் வேறு வேறு என்பதால் இரண்டும் ஒரே மருந்து என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவில்லை. கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு கண்ணி: தனியார் டாக்டர் டெல்மிசார்டான் கொடுத்திருப்பார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனலாப்ரில் கொடுப்பார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வழியில் வேலை செய்பவை. சேர்த்துப் போட்டால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்கும் ஆபத்து. அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் பட்டியலை முதலில் நீட்டுங்கள். "இது பழையதுக்குப் பதிலா, கூடவா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

2. எந்த மாத்திரை என்ன செய்யும் என்று தெரிந்து வையுங்கள்

மருத்துவம் படிக்கத் தேவையில்லை. எந்தத் தொந்தரவு எந்த மாத்திரையால் வரலாம் என்று தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் தொந்தரவு வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம்.

அம்லோடிபின், சில்னிடிபின்: ரத்தக்குழாயைத் தளர்த்தும். கணுக்காலில் வீக்கம் வரலாம், அம்லோடிபினில் இது அதிகம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார்.

டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில்: சர்க்கரை நோயும் சிறுநீரில் புரதமும் இருப்பவர்களுக்கு முக்கியமாகக் கொடுப்பார்கள். 'ப்ரில்' என்று முடிபவற்றால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். இருமலுக்கு டானிக் மேல் டானிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும். உதடு, நாக்கு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் 'சார்டான்', 'ப்ரில்' என்று முடியும் இந்த இரண்டு வகையையும் எடுக்கக் கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு: இவைதான் நீர் மாத்திரைகள். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். காலையில் போட்டால் இரவில் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்காது. சோடியம், பொட்டாசியம் குறையலாம், யூரிக் அமிலம் கூடலாம். வயதானவர்கள் திடீரென்று சோர்ந்து குழப்பமாகப் பேசினால் 'வயசாயிடுச்சு' என்று விடாதீர்கள். சோடியம் குறைந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

மெட்டோப்ரோலால், அட்டெனோலால், குளோனிடின்: இவற்றைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. பிரஷரும் இதயத் துடிப்பும் ஒரேயடியாக எகிறும். ஊருக்குப் போகும்போது மறக்கக் கூடாத மாத்திரைகள் இவை. மெட்டோப்ரோலால் பெயரில் 'எக்ஸ்எல்' என்று இருந்தால் நொறுக்கியோ மென்றோ சாப்பிட வேண்டாம்.

ஸ்பைரோனோலாக்டோன்: பெரும்பாலும் நான்காவதாகச் சேர்ப்பது. பொட்டாசியத்தை ஏற்றும். ஆண்களுக்கு மார்பில் வலி, வீக்கம் வரலாம். கூச்சப்பட்டு மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

பிரசோசின்: படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழ வைக்கும். முதல் வேளையைப் படுக்கப் போகும்போதுதான் போடச் சொல்வார்கள்.

3. வீட்டில் பிரஷர் பார்ப்பதைச் சரியாகப் பழகுங்கள்

மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின் போதும். ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும் முன் டேப்பால் மேல்கையின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைதான். கை அதைவிடப் பருமன் என்றால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், அதை நம்பி டாக்டரும் மாத்திரையைக் கூட்டிவிடுவார்.

பார்க்கும் விதம்: காபி, பீடி, நடை எல்லாம் முடிந்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும், பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முந்தைய வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் இப்படி எழுதுங்கள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பார்ப்பார்கள். கிளினிக்கில் 140/90 என்பது எல்லை. வீட்டு அளவுக்கு அது 135/85. உங்களுக்கு இலக்கு எவ்வளவு என்று டாக்டரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வயது, சர்க்கரை, சிறுநீரகம் பொறுத்து அது மாறும்.

மூன்று மாத்திரைக்கு மேல் எடுக்கும் வயதானவர்களுக்கு நின்ற நிலையிலும் பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா? அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் பலருக்கு இதுதான் காரணம்.

தினம் பத்து தடவை பார்க்க வேண்டாம். பார்க்கப் பார்க்கப் பதற்றம்தான் கூடும். நாடித்துடிப்பு சீராக இல்லை என்று மெஷின் திரும்பத் திரும்பக் காட்டினால் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

4. வேளை, பெட்டி, மறந்துபோன மாத்திரை

காலையா இரவா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2022இல் வெளிவந்த ஒரு பெரிய பிரிட்டன் ஆய்வில், காலையில் எடுத்தவர்களுக்கும் இரவில் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே டாக்டர் குறிப்பாகச் சொல்லாத மாத்திரைக்கு உங்களுக்கு மறக்காத வேளைதான் நல்ல வேளை. தினமும் அதே நேரம் என்பது முக்கியம்.

மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

கிழமை எழுதிய பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் டெல்மிசார்டான் ஈரத்தை உறிஞ்சும். உறையிலிருந்து பிரித்துப் பெட்டியில் கொட்டாமல், கத்தரியால் உறையோடு நறுக்கிப் போடுங்கள். ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் இது ரொம்ப முக்கியம். சேலத்துச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் மாத்திரையை விட்டுவைப்பதும் கூடாது.

புது மாத்திரை சேர்த்ததும் மூன்றாம் நாளே 'கேட்கலையே' என்று டாக்டரை மாற்றாதீர்கள். முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும். சாதாரணமாக நான்கு வாரம் கழித்துத்தான் திரும்ப வரச் சொல்வார்கள்.

5. மாத்திரைக்கு எதிராக வேலை செய்பவை

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான படி இதுதான்.

வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டான் வகையோடு ('சார்டான்', 'ப்ரில்' இரண்டும் இதில் சேரும்) நீர் மாத்திரையும் எடுப்பவர்கள் இவற்றைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். தறி வேலை, கொலுசுப் பட்டறை, தோட்ட வேலை என்று முதுகும் முட்டியும் நோகிற தொழில்கள் நம் பக்கம் ஏராளம். மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இவைதான். பிரஷர் மாத்திரை எடுப்பதைச் சொல்லிக் கேளுங்கள். பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் பேசி வையுங்கள்.

சளி மாத்திரை. ஏற்காட்டுக் குளிரில் மூக்கடைப்பு சகஜம். ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த மாத்திரைகள் ரத்தக்குழாயைச் சுருக்குபவை.

அதிமதுரம். இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வாயில் அடக்கிக்கொள்வது நம் வழக்கம். தொடர்ந்து சாப்பிட்டால் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரட்டை ஆபத்து. வாங்கும் கஷாயப் பொடியிலும் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்பு. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு, சாயங்காலம் ஒரு தட்டுவடை செட், சாப்பாட்டுக்கு ஜவ்வரிசி வடாம், மாங்காய் ஊறுகாய், வாரம் ஒருமுறை கருவாடு என்று போனால் கணக்கு எங்கேயோ போய்விடும். இந்துப்பும் சோடியம்தான், அதில் சலுகை இல்லை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். இவர்களுக்கு இளநீரும் அளவோடுதான்.

ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, மது ஆகியவையும் பிரஷரை ஏற்றும். ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிரசோசினோடும், நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

6. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் இந்த மூன்றும் அடிப்படை. டெல்மிசார்டான் வகை, நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் எதையாவது ஆரம்பித்தாலும் அளவைக் கூட்டினாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். அதன் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். வருடம் ஒருமுறை சிறுநீரில் புரதம், ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, கூடவே ஈ.சி.ஜி. தனியார் லேபில் சில நூறு ரூபாயில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றும் முடியும். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை.

வாந்தி, பேதி வந்த நாட்களில் டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள். உடம்பில் நீர் வற்றும்போது நீர் மாத்திரையையும் டெல்மிசார்டான் வகையையும் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

7. எங்கே வாங்குவது, என்ன செலவு, என்ன கொண்டு போவது

அரசு வழி: உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவமனை, பெரிய பரிசோதனைகளுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆதார், போன் எண், பழைய சீட்டுகள், பிரஷர் நோட்டு, மாத்திரைப் பட்டியல் இவை போதும். தொற்றா நோய்ப் பிரிவில் பதிந்துகொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் திரும்பும் பஸ் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடமாட முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். பதிந்தவர்களுக்குத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார். தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை அப்படியே கிடைக்காமல் போகலாம். அப்போது தனித்தனியாக என்ன கொடுக்கிறார்கள் என்று பட்டியலில் திருத்துங்கள்.

பணம் கொடுத்து வாங்குபவர்கள் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள். பிரபலக் கம்பெனி விலையில் பாதிக்கும் கீழே பல பிரஷர் மாத்திரைகள் கிடைக்கின்றன. டாக்டரிடம் மருந்தின் உண்மையான பெயரை எழுதச் சொன்னால் வேலை சுலபம். பழைய அட்டையைக் காட்டி வாங்காதீர்கள். அளவு 40இலிருந்து 80க்கு மாறியிருக்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான், மாதாந்திர மாத்திரைச் செலவுக்கு உதவாது. அந்த அட்டையைப் பிரஷரால் ஏதாவது ஆன பிறகு தேட வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு தொல்லை: ஒரு அட்டையில் 10 மாத்திரை, இன்னொன்றில் 14, வேறொன்றில் 15. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் தீரும். எல்லாம் ஒரே தேதியில் முடியும்படி ஒருமுறை எண்ணி வாங்கிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். பொங்கல், தீபாவளி, மலையில் கனமழை நாட்கள் என்றால் இரண்டு வாரம் முன்பே.

8. மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால்

நீர் மாத்திரையும் சேர்த்து மூன்று வகை, சரியான அளவில், விடாமல் எடுத்தும் பிரஷர் இறங்கவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். சிறுநீரகம், சிறுநீரக ரத்தக்குழாய், அட்ரீனல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது, தைராய்டு, பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார், இரவில் மூச்சு நிற்கிறது என்றால் வீட்டில் பக்கத்தில் படுப்பவர்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோயாளிக்கே அது தெரியாது. இந்தக் கட்டத்தில் இதய, சிறுநீரக நிபுணரிடம் போவது அவசியம். இளம் வயதிலேயே பிரஷர் வந்தவர்கள் இன்னும் சீக்கிரம் போகட்டும்.

9. 180/120 காட்டினால்

பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால், இன்றைய மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்றே டாக்டரிடம் பேசுங்கள். பக்கத்தில் யாராவது நிஃபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பிரஷர் தடாலென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் ஆகிவிடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, கடும் தலைவலியோடு குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108. மெஷினில் அளவு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் மலையிறங்கும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் போய்ச் சேர முடியும், ஆகவே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சாதாரணமாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.